ஆணியில் தொங்கிய கணுக்கால் பெல்ட்

1

மடுல்சீமைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தின் வாசல் ஆணியில் கணுக்கால் பெல்ட் ஒன்று தொங்கியது. முறிந்து ஆறிய கால் மறுபடி புரளாமல் மூட்டைப் பிடித்துக்கொள்ளும் பெல்ட். மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளுடையது என்றார்கள். ஆனால் அதில் ஒரு சேற்றுப்பொட்டு இல்லை. கதை அங்கேதான் கிடைத்தது, மிச்சத்தை நானே கட்டினேன். பிந்திப் பேனா பிடித்த கை. அடித்தல் திருத்தல் இருக்கும்.

2

"பனி மூடிய மலையில் றோசாலி ஒரு—"

வேண்டாம். பனியை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

றோசாலி கொழுந்து பறிக்கையில் சறுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்த அன்று நர்ஸ் பெல்ட்டைக் கட்டிக் காட்டினார். "மேடு பள்ளத்தில நடக்கிறப்ப கட்டாயம் போடணும்."

வீட்டில் புருஷன் றொபின்சன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எம்மாம் நல்ல சாமான். மலையில கட்டினா சேறும் அட்டையுந்தான். பதுளை டவுனுக்குப் போறப்ப போட்டுக்க புள்ள."

"கோயிலுக்கு?"

"போடு. மாதா கண்ணுலயும் படட்டும்."

இருவரும் சிரித்தார்கள்.

(நல்ல சேலையை மலைக்கு உடுத்துவோமா? எங்களில் யாரானாலும் இதைத்தான் சொல்லியிருப்போம். றொபின்சனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை.)

3

கோயிலுக்கு பெல்ட், மலைக்குப் பழந்துணிக் கட்டு. ஒரு மழைநாளில் மலையில் தண்ணீர் வடியும் கான் விளிம்பில் அதே கால் புரண்டு மறுபடி முறிந்தது.

றொபின்சன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பெல்ட்டை டொக்டர் கையில் எடுத்தார். "இதப் போட்டுக்கிட்டா விழுந்தீங்க?"

"இல்லீங்க. அது நல்லதுங்க. அதான் பத்திரமா வச்சிருந்தோம்."

றொபின்சன் அப்போது சுவரைப் பார்த்தபடி—

இந்த வசனத்தை முடிக்க முடியவில்லை. இனி அவள் சாய்ந்துதான் நடப்பாள், இன்னொரு தடவை கால் தாங்காது என்றார் டொக்டர். இதை முடிக்க முடிந்தது.

4

கால் ஆறி அவள் மறுபடி மலைக்குப் போகிற காலை. மழை. றொபின்சன் ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்து, வாசலில் குந்தி, அவள் பாதத்தைத் தன் தொடையில் வைக்கிறான்.

"நனைஞ்சிரும்ங்க."

ஒரு முடிவில் அவன் கட்டிவிடுகிறான். இன்னொன்றில் அவள் காலை இழுத்துக்கொள்கிறாள்: "நாளைக்குப் போட்டுக்கிறேன்." நான் பார்த்த பெல்ட் சுத்தமாக இருந்தது. பார்த்தது இந்த மழைக்கு முன்னாலா பின்னாலா என்று நான் எழுதப்போவதில்லை.

பெல்ட் இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது. உங்களால் முடிந்தால் கட்டிவிடுங்கள். முதல் தடவையே அவன் இப்படிக் குந்தியிருந்தால் எழுத ஒரு கதை இருந்திருக்காது. அந்தக் கதை இல்லாமலே போயிருக்கலாம்.