மஞ்சள் இருமல்

வெயிலை உள்ளே விடக் கூடாது, விட்டால் எல்லாம் தெரிந்துபோகும் என்று நினைத்துக்கொண்டே பேராச்சி சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டாள். 1962 கோடையிலிருந்து அவள் இருமல் பட்ட இடமெல்லாம் வெயில் கண்டதும் மஞ்சளாகிவந்தது. இருட்டில் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் வந்த ஒரு நாழிகைக்குள் சுவர், தலையணை, புருஷன் நெல்லையப்பன் தோல் கிட்டங்கி வேலைக்குப் போட்டுப்போகும் சட்டை எல்லாம் மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல் ஆகிவிடும். தாராவியில் அந்த வருஷம் மழை பிந்தியது, அரிசிக்கு வரிசை நீண்டது, பேராச்சி மஞ்சளாக இருமினாள்.

"என்ன மைனி, முப்பிடாதி அம்மன் மஞ்ச நீராடிட்டு ஒங்க வீட்டுலயா தல தொவட்டுனா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பூமாரி. பேராச்சிக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, பூமாரியின் முந்தானையும் மஞ்சளானது.

ஆஸ்பத்திரியில் காசம் என்றார்கள். மூன்று வருஷம் ஊசி போட்டார்கள். அந்த ஊசியில் இடது காது போயிற்று, இருமல் போகவில்லை. பிறகு அவள் சளியைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்துப் பார்த்து, குழாயும் மஞ்சளாகவே, இது காசக் கிருமி இல்லை, அதற்குத் தாயாதி, தண்ணீரிலும் மண்ணிலும் கிடப்பது என்றார்கள். மருந்து என்ன என்று அவள் கேட்டதற்கு அடுத்த சீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள்.

அதைவிட அவளைத் தின்றது வேறொன்று. இந்தத் தேசத்தில் இது எனக்கு மட்டும்தானா? ஒருநாள் சயானில் ரயிலேறி பாண்டுப் வரை போனாள். தண்டவாளத்தின் இருபுறமும் கொடியில் காய்ந்த சேலைகளில், தலையணை உறைகளில் அதே மஞ்சள். எழுபத்திமூன்று வரை எண்ணினாள். அப்புறம் எண்ண முடியவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டாள்.

1966இல் நோய்க் கணக்கெடுக்க மாதுங்காவிலிருந்து நாணு என்பவர் வந்தார். நல்ல மனிதர். அவர் தாளில் இரண்டே கட்டங்கள்: காசம் உண்டு, இல்லை.

"ரயிலோரமாவே எழுவத்திமூணு பாத்தேன் சார். எங்கள எங்க எழுதுவீய?"

"உங்களுக்குக் கட்டமே இல்லையேம்மா. மேலேர்ந்து அச்சடிச்சு வந்தது. இல்லைன்னு போட்டா நீ நன்னா இருக்கேன்னு ஆயிடும். உண்டுன்னே போட்டுடறேன், ஊசியாவது தருவா. கைநாட்டு வை."

"வைட்டி. ஏதோ ஒண்ணுல இருந்துட்டுப் போ" என்றான் நெல்லையப்பன்.

வெளியே குழாயடியில் யாரோ இருமினார்கள். வாளியின் விளிம்பு மஞ்சளானது. அடுத்தவள் தன் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். பேராச்சி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினாள்.

"இன்னொருத்தி காசத்த எம் பேருல எழுதாதீய, சார்."