கயிறு கழற்றிய இடம்

முதியோர் இல்லத்தின் வாசலில் அவள் குந்தி உட்கார்ந்து, நாயின் நகங்களை அரத்தால் தேய்த்து மழுக்கிக்கொண்டிருந்தாள். வயதானவர்களின் தோல் மெல்லியது. ஒரு கீறல் போதும். கடைசி நகம் முடிவதற்குள் நர்ஸ் வெளியே வந்துவிட்டாள். வழக்கமாக அவள் வாசலுக்கு வருவதில்லை.

"உங்க அப்பா காலையிலேர்ந்து கண்ணே தொறக்கல. மூச்சு விட்டு விட்டு வருது. இன்னிக்கு நேரா அங்கயே போயிடுங்க."

வாராவாரம் நாயோடு அறை அறையாகப் போய்வரும் தொண்டர் அவள். யாரும் முகம் சுளிக்கக்கூடாதென்று, சொந்த அப்பாவின் அறையைக் கடைசியில்தான் வைத்திருந்தாள். இன்று எல்லாக் கதவுகளையும் தாண்டி நடந்தாள்.

அப்பாவின் அறை வாசலில் நாய் நின்றுவிட்டது. காதுகள் பின்னால் படிந்திருந்தன. அது அறைக்குள் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தது.

"உன் பயம் கயிறு வழியா அதுக்கு இறங்கிடும்" என்று நாய்க்குப் பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருந்தார். கயிறு நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் யாரும் சாவதைப் பார்த்ததில்லை. அப்பாவுக்கு மூச்சு முட்டினால் அந்த இடத்தைவிட்டு ஓடிவிடுவோமோ என்றிருந்தது.

"யாரு... டாக்டரா?" உள்ளேயிருந்து அப்பாவின் குரல். நாயை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"ஆமாப்பா."

"வரச் சொல்லு. இவருதான்... ஊசி போடமாட்டாரு."

கட்டிடத்துக்குள் கயிற்றைக் கழற்றவே கூடாது. கழற்றினாள். நாய் தானாக உள்ளே போய்க் கட்டிலின் விளிம்பில் தாடையை வைத்தது. அப்பாவின் விரல்கள் தடவித் தடவி அதன் காதைக் கண்டுபிடித்தன.

"நீ?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

போனாள். மறுபக்கம் உட்கார்ந்து, இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குப்பா."

"எனக்கு மட்டும் என்ன..." என்றார். உதடு கொஞ்சம் கோணியது, சிரிப்பு மாதிரி.

ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நெஞ்சு வலித்தபோது அவள்தான் மூச்சு விட்டாள், அவர் விடவில்லை. நாய் அசையவில்லை.

நடைவண்டியைத் தள்ளும் சத்தம் கேட்டது. பக்கத்து அறையின் பழைய டெய்லர் வாசல் திரைக்கு வெளியே வந்து நின்றார்.

"என்னம்மா, நாய் இன்னும் நம்ம ரூமுக்கு வரல? இன்னிக்கு சனிக்கிழமைதானே?"

அப்பாவின் கையை விடாமலே திரைப் பக்கம் திரும்பினாள்.

"ஆமாங்க" என்றாள். "சனிக்கிழமைதான்."