நான்கு டிரம் பழைய தண்ணீர்

இறந்துபோன என் மனைவியை நான்கு டிரம் உப்புத் தண்ணீரில் வீடு மாற்றிக் கொண்டுவந்தவன் நான்.

அவள் வளர்த்த கடல்மீன்களின் தொட்டி அது. பாறை, மணல், தண்ணீர் எதையும் விடவில்லை. டிரம் தூக்கியே மாப்பிள்ளை நான்கு அங்குலம் குள்ளமாகிவிட்டார்.

"புதுசா உப்பு கரைச்சா போதாதா மாமா? இந்தத் தண்ணிக்குள்ள அத்தையா இருக்காங்க?"

"இருந்தா முதல் திட்டு உங்களுக்குத்தான், மாப்பிள்ளை!"

புது வீட்டில் மூன்று நாளாக மீன்கள் பாறைக்குப் பின்னால் பதுங்கிப் பட்டினி கிடந்தன. அவையும் போனால் அவளுடையது என்று எனக்கு எதுவும் மிஞ்சாது.

நான்காம் நாள் காலை, நானும் மாப்பிள்ளையும் சோபாவில் இருக்கும்போதே தொட்டிக் கண்ணாடியில் மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டது. தீனி போடுமுன் அவள் அப்படித்தான் தட்டுவாள். மீன்களெல்லாம் பாய்ந்து வந்து, ஆளில்லாத இடத்தைப் பார்த்து வாய் திறந்தன.

மாப்பிள்ளை என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"எனக்கும் கேட்டுச்சு மாமா. அத்தைதான். எழுந்து தீனியைப் போடுங்க."