இரண்டு தடவை கழுவிய டேங்க்

தொண்ணூற்று மூன்றில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ரோட்டோரம் முழுக்கப் பார்த்தீனியம். வெட்டினால் கை தடித்துவிடும். வெட்டாவிட்டால் பத்தே நாளில் இடுப்புயரம் நிற்கும். மார்கழிக்கு ஆண்டாள் கோவிலுக்கு நடக்கிறவர்கள் காலைச் சொறிந்துகொண்டே போவதாகப் புகார் வர, ரோட்டு வேலைக்காரனான என் முதுகில் ஒரு டேங்கை மாட்டிக் களைக்கொல்லி அடிக்கச் சொன்னார்கள்.

"தவசிமுத்து, இந்த டேங்க்ல வேற எதையும் ஊத்தக் கூடாது, கேட்டியா" என்று மேஸ்திரி நாலு தடவை சொன்னார். எனக்கு நாலு தடவை சொன்னால் பிடிக்காது. நான் என்ன கைக்குழந்தையா?

மார்கழி பிறக்குமுன்பே களைக்கொல்லி தீர்ந்துபோயிற்று. அடுத்த சரக்கு வரும்வரை டேங்க் என் வீட்டில் சும்மா கிடந்தது. தளவாய்புரத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை குருவம்மாளின் பருத்திக்காட்டில் அப்போது பார்த்துப் புழு விழுந்தது. பூவும் மொட்டுமாக நின்ற காடு. ஒவ்வொரு விதையும் அவள் கையால் ஊன்றியது. மருந்தடிக்க ஊரில் ஒரு டேங்கும் இரவல் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

வழியில் வாய்க்காலில் இரண்டு தடவை அலசி எடுத்துக்கொண்டு போனேன். அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி புழு மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தான். குருவம்மாள் மூடியைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணே, என்னமோ வாடை வருது. சோப்புப் போட்டுக் கழுவிருவமா?"

"ரெண்டு தடவ கழுவியாச்சு. பெரிய ஆபீசரு, கண்டுபிடிச்சுட்டா. ஏட்டி, பேசாம தண்ணிய ஊத்து."

ஊற்றினாள். சங்கிலிப்பாண்டி வருமுன் நான் கிளம்பிவிட்டேன். மச்சான் கொண்டுவந்தது என்றால் அவனுக்கு மறுபேச்சு இல்லை. அன்றைக்கே அடித்து முடித்திருக்கிறான்.

ஆறாம் நாள் போய்ப் பார்த்தேன். பருத்தி இலையெல்லாம் வெண்டை இலை மாதிரி விரல் விரலாகச் சுருங்கியிருந்தது. மொட்டு உதிர்ந்து தரையில் கிடந்தது. ரோட்டோரத்தில் பார்த்தீனியம் சாகுமுன் இப்படித்தான் முறுக்கிக்கொள்ளும்.

"கடைக்காரன் போலி மருந்தக் குடுத்துட்டான், மச்சான். நாளைக்கு இலையக் கொண்டுபோயி அவன் மூஞ்சியில வீசப் போறேன்" என்றான் சங்கிலிப்பாண்டி.

"ஆமா மாப்ள, கேக்கத்தான் வேணும்" என்றேன். அந்த நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். குருவம்மாள் அடுப்படியில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கடைக்காரர் பார்த்ததுமே சொல்லிட்டாரு, மச்சான். டேங்க்ல களைக்கொல்லி ஒட்டியிருந்திருக்கு. இவகிட்ட கேட்டா, 'அண்ணன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிட்டுத்தான் போனாவ, நாந்தான் கழுவல'ங்கா. இனிமே காட்டுப் பக்கம் காலெடுத்து வைக்காதன்னுட்டேன்" என்றான் திண்ணையில் இருந்த சங்கிலிப்பாண்டி.

"பொய்யி, மாப்ள. அவ கழுவுவோம்னுதான் சொன்னா. நாந்தான் தடுத்தேன். தப்பு என்னோடது."

அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். அதுதான் தாங்க முடியவில்லை.

"தங்கச்சிக்காக இப்படித்தான் பேசுவியன்னு தெரியும். நெசமா இருந்தா அன்னைக்குக் காட்டுல நிக்கும்போதே சொல்லியிருக்க மாட்டியளா?"

"அய்யனார் கோவில்ல வந்து சத்தியம் பண்ணுதேன்."

"பொய்ச் சத்தியம் வேண்டாம், மச்சான். ஒங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்கு" என்று எழுந்து காட்டுக்குப் போய்விட்டான். நல்லவன்தான். அவனிடம் ஒரு நல்ல பொய் முந்திக்கொண்டது, என் உண்மை பிந்திப்போயிற்று.

குருவம்மாள் டேங்கைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள். வெளியெல்லாம் தேய்த்துத் தேய்த்துப் பளிச்சென்றிருந்தது.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"ஒங்க ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா நான் எந்தப் பக்கம் நிக்க?" என்றாள். பிறகு மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"நாலு தடவ சோப்புப் போட்டுக் கழுவிட்டேண்ணே. இன்னும் வாடை போவல."