சைவப் பூனை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்ஸ் ஆண்டு மலரில் ‘எங்காத்து சைவப் பூனை’ என்று ஒரு கட்டுரை வந்தது. பட்டு என்ற அந்தப் பூனை தயிர்சாதத்தைத் தவிர வேறெதையும் மோந்துகூடப் பார்க்காது என்று எழுதியவர் ராஜகோபாலன், வயது எழுபத்தொன்று. ஓய்வுபெற்று, மனைவியும் போன பிறகு எழுத்தைப் பொழுதுபோக்காக்கிக்கொண்டவர். இதை எழுதுவதும் அவரேதான். ‘நான்’ என்று போட வெட்கமாக இருப்பதால் இனி ‘அவர்’.

2

முதல் தொடக்கம்: ‘மாட வீதியில் மழை கொட்டிய ஒரு மாலையில், நனைந்து நடுங்கிய சாம்பல் நிறக் குட்டி ஒன்று...’

(வேண்டாம். அன்றைக்கு மழையே இல்லை. பரிதாபத்துக்காக வரவழைத்தது.)

இரண்டாவது: ‘பின்படியில் தங்கம் குந்தியிருந்தாள்.’ இது நிஜம். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, அவர் வீட்டிலும் இன்னும் இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்ப்பவள் தங்கம். சின்ன டப்பாவில் வறுத்த மீன் தலை கொண்டுவந்து பட்டுவுக்குப் போடுவாள். தட்டில் தயிர்சாதம் காலியானதெல்லாம் காக்காய் உபயம். ஜன்னல் வழியாக அவர் இதைப் பார்த்துவிட்டார்; அவர் பார்த்ததைத் தங்கமும் பார்த்தாள். கட்டுரை எழுதுவதற்கு மூன்று மாதம் முன்பே.*

* ‘முன்பே’ என்பதை நான்கு தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார்.

3

மலர் வெளிவந்த அடுத்த வாரம் மாடிப்படியில் மீன் முள் கிடந்தது. சங்கச் செயலர் ஜெயராம் தங்கத்தை நிறுத்திக் கேட்டார். நாலு பேர் கூடிவிட்டார்கள், கட்டுரை எழுதியவரும்தான்.

“பூனைக்குத்தான் சார் போட்டேன். இவுருக்கே தெரியும், கேட்டுப் பாரு.”

ஜெயராம் சிரித்தார். “என்ன மாமா, உங்காத்துப் பூனை மீன் திங்கறதாமே? நீங்க வேற மாதிரின்னா எழுதியிருக்கேள்?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. அது தயிர்சாதம்தான் சாப்பிடும்.”

[இங்கே அவரை நல்லவராக்க மூன்று வரி எழுதினார். தொண்டை அடைத்ததாம், கண் கலங்கியதாம். எதுவும் நடக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.]

மீனும் கொண்டுவந்து, பெரியவர் மேல் பொய்யும் சொன்னாள் என்று மூன்று வீட்டு வேலையும் ஒரே நாளில் போயிற்று. தங்கம் சண்டை போடவில்லை. டப்பாவை அவர் வாசலில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

“அப்போ நாளைலேர்ந்து அதுக்கு இன்னா சார் போடுவ?”

4

முடிவு ஒன்று: அவர் பெரும்பாக்கம் போய் மன்னிப்புக் கேட்கிறார். எழுதிப் பார்த்தார். அதில் தங்கம் உடனே மன்னித்துவிட்டாள். படித்தபோது அவருக்கே கூசியது.

முடிவு இரண்டு: பட்டு தயிர்சாதத்தைச் சாப்பிட ஆரம்பித்து...

(பொய். பன்னிரண்டு நாளாகப் பின்படியிலேயே உட்கார்ந்திருக்கிறது.)

கழுவிய டப்பா அவர் மேசைமேல் இருக்கிறது. அடுத்த மலருக்கும் பட்டுவைப் பற்றி ஒன்று வேண்டும் என்று ஜெயராம் கேட்டிருக்கிறார். இந்தத் தாள்களையே கொடுத்துவிடலாம். தங்கத்தைத் திரும்பக் கூப்பிட வேறு வழி இல்லை.

கொடுத்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். இதை எங்கள் ஃபிளாட்ஸ் மலரில் படிக்கிறீர்கள் என்றால் கொடுத்துவிட்டார். வேறெங்காவது படிக்கிறீர்கள் என்றால், நான் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.