மாட்ட மறந்த வயர்

மார்ச் 4, செவ்வாய். அக்கா மத்தியானத்தில் தூங்கட்டும் என்று அழைப்பு மணியின் வயரைக் கழற்றியவள் நான். திரும்ப மாட்ட மறந்தவளும் நான். வயரிங் வகுப்பில் படிக்கிறவள் செய்கிற காரியமா இது?

இவ்வளவையும் நாட்குறிப்பில் எழுதிவிட்டுத் தங்கை பேனாவை மூடினாள். கடைசிக் கேள்வி கொஞ்சம் அதிகப்படியோ என்று தோன்றியது. அடித்துவிடலாமா என்று யோசித்தாள். பிறகு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். பக்கத்து அறையில் அக்காவும் அவளுடைய கூட்டாளிகளும் வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் யாருக்குத்தான் எழுத்து ஓடும்?

காலையில் இந்த வீடு இப்படி இல்லை.

அக்கா திரைச்சீலை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவள். மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து அறுவை சிகிச்சை ஆயிற்று. பின்னாலேயே கீமோவும் தொடங்கியது. ஆரம்பத்தில் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், கூட்டம் சேர்க்காதீர்கள் என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். அந்த நாட்களில்தான் ஏதோ விற்க வந்தவன் மணியை அழுத்தி, விடிய விடியக் கண்ணை மூடாமல் அப்போதுதான் அயர்ந்த அக்காவை எழுப்பிவிட்டான். தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மெயினை அணைத்தாள், மணிப்பெட்டியைத் திறந்தாள், வயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றினாள், மூடியைத் திருகினாள். எல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி. திரும்ப மாட்ட வேண்டும் என்ற நினைப்பைத்தான் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிட்டாள்.

போனும் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே "எத்தனாவது ஸ்டேஜ்?" என்று கேட்கிற சொந்தக்காரர்கள் தொல்லை தாங்காமல் அக்காவே அதை அணைத்து அலமாரிக்குள் போட்டிருந்தாள்.

மிச்சம் இருந்த பேச்சுத்துணை தங்கை ஒருத்திதான். அவளுக்கோ பேச்சு வராது. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, காய்ச்சல் இருக்கா, இந்த மூன்றைத் தாண்டினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அக்கா அவளுக்குத் 'தெர்மாமீட்டர்' என்று பேர் வைத்தாள். முதலில் இரண்டு பேரும் சிரித்தார்கள். போகப்போகத் தங்கை மட்டும் சிரித்தாள். அக்காவைத் தனியே விட மனம் வராமல் மாலை வகுப்பையும் நிறுத்தியிருந்தாள்.

இன்று காலை அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"பட்டறைக்குப் போய் என் சாமானையெல்லாம் எடுத்துட்டு வந்துடு. மெஷினை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லு."

"ஏன்க்கா? அடுத்த மாசம் கொஞ்ச நேரம் வேலைக்குப் போகலாம்னு டாக்டரே சொல்லிட்டாரே."

"போகலாம். போய் யாரு மூஞ்சியைப் பாக்கறது? பக்கத்துப் பக்கத்துல உக்காந்து இத்தனை வருஷம் தைச்சோம். ஒருத்தியாவது எட்டிப் பாத்தாளா?"

அழுதிருந்தால்கூடத் தேவலை. அக்கா அடுத்த துணியை எடுத்து மூலைக்கு மூலை சரிபார்த்து மடித்தாள்.

பட்டறை மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தங்கை போய்ச் சேர்ந்தாள். நீள மேசையில் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தவளைப் பட்டறையில் எல்லாரும் 'கத்தரி' என்பார்கள். பேச்சும் அதே கூர்மை. மெஷினில் உட்கார்ந்திருந்தவள் 'ரேடியோ'. அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. நடுவில் அக்காவின் மெஷின் உறை போட்டபடி இருந்தது. நாற்காலியில் அவளுடைய மெத்தையும் அப்படியே இருந்தது.

"வாடி சின்னவளே, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் கத்தரி.

"அக்கா சாமானை எடுத்துட்டுப் போக வந்தேன். மெஷினை வேற யாருக்காவது…"

கத்தரியின் கை நின்றது. "ஓஹோ! மகாராணி கதவும் திறக்க மாட்டா, மெஷினும் வேணாம்பாளா? மூணு தடவை வந்தோம். பெல்லை அழுத்தி அழுத்தி என் விரல் தேஞ்சு போச்சு."

"நான்தான் கதவைத் தட்ட வேணாம்னேன். முடியாம படுத்திருப்பா, பாவம்" என்றாள் ரேடியோ. "சரி, ஆரஞ்சையாவது சாப்பிட்டாளா?"

"எந்த ஆரஞ்சு?"

"கதவுப் பிடியில மாட்டிட்டு வந்தோமே!"

"ஐயோ, அது கீழ்வீட்டம்மா வச்சதுன்னு நெனச்சு அவங்களுக்குல்ல தேங்க்ஸ் சொன்னேன்! அவங்களும் 'இதெல்லாம் ஒரு பெரிய விஷயமாம்மா'ன்னாங்களே!"

ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று தடவை மணியை அழுத்தியும் உள்ளே ஏன் கேட்கவில்லை என்பது மண்டையில் உறைத்தது.

"பெல்லு அடிச்சிருக்காது. வயரை நான்தான்…"

"நீ கரன்ட்டு வேலை படிக்கிறவதானே?" என்று கத்தரி கேட்டாள். பதில் தெரிந்தே கேட்ட கேள்வி. மேசைமேல் கிடந்த திரைச்சீலையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "நட. இன்னைக்கு அவளை உண்டு இல்லைன்னு ஆக்கறேன்."

"எனக்கு சளி, இருமல் ஒண்ணும் இல்லை, இப்பவே சொல்லிட்டேன்" என்று ரேடியோவும் எழுந்தாள்.

"ஒரே ஒரு உதவி" என்றாள் தங்கை. "நான் முன்னாடி போய் மாட்டிடறேன். நீங்க பின்னாடி வந்து அடிங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும் மெயினை அணைத்து, முக்காலியைப் போட்டு ஏறினாள்.

"சாமான் எங்கடி? ஃபேனை ஏன் நிறுத்தின?" என்றாள் அக்கா.

"சொல்றேன்." டேப்பைப் பிரித்து, வயரைச் செருகி, திருகிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் மணிப்பெட்டியைப் பார்த்தே சொன்னாள். இறங்கி மெயினைப் போட்டாள்.

மணி அடித்தது. விட்டு மறுபடி அடித்தது. அப்புறம் விடவேயில்லை. பட்ட ஏமாற்றத்துக்கெல்லாம் வட்டியும் முதலுமாகக் கத்தரி அழுத்திக்கொண்டிருந்தாள்.

தங்கை கதவை நோக்கி நடந்தாள். "இரு. நானே திறக்கறேன்" என்றாள் அக்கா. முடி கொட்டிய தலைக்குக் கட்டும் துணியை எடுத்தவள், அதை நாற்காலியிலேயே போட்டுவிட்டுப் போனாள்.

"என்னடி மொட்டை, கதவு திறக்க இவ்வளவு நாளா?" என்றாள் கத்தரி.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் குடுத்த கீமோவை உன் வாய்க்குக் குடுத்திருக்கணும்டி!"

அவ்வளவுதான், மூன்று பேரும் வாசலிலேயே சிரிக்க ஆரம்பித்தார்கள். அக்காவின் கண் நிறைந்து வழிந்தது. அதைத் துடைக்கக்கூட யாருக்கும் நேரமில்லை.

ஸ்டேஜைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. ஒரு விடுதிக்குத் தைத்த திரைச்சீலைகள் எல்லாம் ஒரு சாண் குட்டையாகப் போன கதையை ரேடியோ சொன்னாள். "அளந்தது எந்தப் புண்ணியவதி?" என்று அக்கா கேட்க, ரேடியோ கத்தரியைப் பார்க்க, கத்தரி கூரையைப் பார்த்தாள். அக்கா கைக்குக் கீழே தலையணையை வைத்துக்கொண்டு, கத்தரி கொண்டுவந்த திரைச்சீலையின் ஓரத்தை மெதுவாகத் தைக்கத் தொடங்கினாள். கை கடுத்தபோது நிறுத்தினாள். மெஷினைப் பற்றிய பேச்சே எழவில்லை.

"உனக்கு என்னைக்கு வகுப்பு?" என்று ரேடியோ தங்கையைக் கேட்டாள்.

"புதன். இப்பல்லாம் போறதில்ல."

"நாளைக்குப் போ. வேலை முடிஞ்சதும் நாங்க இங்க வந்துடறோம்."

"சாயங்காலம் ஒரு மாத்திரை இருக்கு, அப்புறம் காய்ச்சல் பாக்கணும், அப்புறம்…"

"தெர்மாமீட்டரை மேசையில வச்சுட்டுப் போடி" என்றாள் அக்கா. "எந்தத் தெர்மாமீட்டரைன்னு கேக்காத."

தங்கையும் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அக்காவோடு சேர்ந்து.

இப்போது பேனாவை மறுபடி திறந்து, கடைசிக் கேள்விக்குக் கீழே எழுதினாள்:

நாளை, புதன்: வகுப்புக்குப் போக வேண்டும். டெஸ்டர், திருப்புளி, டேப் மூன்றையும் பையில் எடுத்து வைக்க வேண்டும்.