முள்ளம்பன்றி ஓட்டிய பனிவண்டி

சைமா ஹார்யு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டுதான் கதை எழுதுவாள். கையில் பேனா இருந்தால் வார்த்தைகள் கூடிக்கொண்டே போகும், கத்தி இருந்தால் குறையும் என்பது அவள் கணக்கு. வரிகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். நாக்கில் இடறும் சொல் எதுவானாலும் கிழங்குத் தோலோடு குப்பைக்குப் போகும். படம் காட்டப்போவதை எழுத்து சொல்லக்கூடாது. சிறுவர் படக்கதை எழுதுகிறவர்களுக்கு அதுதான் முதல் பாடம். இத்தனை வருடமாக அதை மீறாமல் இருந்தவள், இந்த முறை கொஞ்சம் ஆழமாகவே சீவிவிட்டாள்.

கதை அவள் தம்பி ரெய்னோவைப் பற்றியது. அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் அவர்கள் ஊரில், குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன் அவன். ஊர் கண்விழிக்கும்போது சாலை இருக்கும், அவன் இருக்கமாட்டான். கதையில் அவன் பெயர்கூட இல்லை. ‘அவன் எழுந்தான். வேறு யாரும் எழவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினான். தலைமுடி குத்திட்டு நின்றது. அவனை யாரும் கட்டிக்கொள்வதில்லை.’ இப்படியே போகும்.

எழுதுகிறவரும் வரைகிறவரும் நேரில் பேசிக்கொள்ளாதது அந்தப் பதிப்பகத்தின் வழக்கம். எல்லாம் எடிட்டர் கொரின் வழியாகத்தான். ஜனவரியில் படங்கள் வந்தன. சைமா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பிறகு கொரினைப் போனில் கூப்பிட்டாள்.

“கொரின், இது முள்ளம்பன்றி.”

“ஆமா! ஆபீசே சொக்கிப்போயிருக்கு.”

“நான் ஒரு மனுஷனைப் பத்தி எழுதினேன்.”

மறுமுனையில் காகிதம் புரண்டது. “எங்கேயும் மனுஷன்னு போடலையே சைமா. முடி குத்திட்டு நிக்குது, முணுமுணுக்கறான், யாரும் கிட்ட வந்து கட்டிக்கறதில்ல. எங்கேயோ அரிசோனாவுல உக்காந்திருக்கற ஓவியர் வேற என்னத்த வரைவாரு, நீங்களே சொல்லுங்க.”

சைமா தன் பிரதியைத் தேடிப் பார்த்தாள், எங்கேயும் இல்லைதான்.

“மாத்தணும்னா மாத்தலாம். ஆனா திங்கக்கிழமை எனக்குத் தெரிஞ்சாகணும்.”

படங்கள் நன்றாக இருந்ததுதான் தொந்தரவு. எட்டிப் பார்க்க வசதியாக மூன்று தலையணை போட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தது முள்ளம்பன்றி. ஆரஞ்சுத் தொப்பியைத் துளைத்துக்கொண்டு முட்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது. பெக்கியின் காபிக் கடையில் கோடைகாலம் முதலே ரெய்னோ சொல்லிக்கொண்டு திரிந்தான்: “கையெழுத்து வேணுங்கறவங்க வரிசைல நில்லுங்கப்பா. புத்தகத்துல வரப்போறவன் நான்.”

அவனுக்குக் கோபம் வந்தால் வாயால் சொல்லமாட்டான். அந்தக் குடும்பத்தில் யாருமே சொல்வதில்லை. பனிவண்டி போகும்போது ஒதுக்கித் தள்ளும் பனி, ஒவ்வொரு வீட்டு வண்டிப்பாதையின் வாயிலும் ஒரு மேடாகக் குவிந்து அடைத்துக்கொள்ளும். சைமா வீட்டு முன்னால் மட்டும் ரெய்னோ வண்டியின் முன்தகட்டைத் தூக்கித் திருப்பி, பனியை ஓரமாக விட்டுவிட்டுப் போவான். ஒருமுறை கிறிஸ்துமஸ் விருந்தில் அவன் புதுத் தாடியைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் தினமும் காலையில் அவள் வாசலில் இடுப்பளவு பனிச்சுவர். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. மண்வாரியை எடுத்துத் தள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை சானா அறையில் வெந்நீராவி பிடித்துவிட்டு, சிவந்த முகத்தோடு ரெய்னோ சாப்பிட வந்தான். இறைச்சியும் கிழங்கும் அடைத்த பேஸ்டி சூடாக இருந்தது. அவன் பாதி சாப்பிட்டதும் படங்களை மேஜைமேல் வைத்தாள்.

ஒவ்வொன்றாகப் புரட்டினான். கடைசிவரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தான். காபி ஆறியது.

“இது நானா?”

“நீதான்.”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். “வண்டிய ஒழுங்கா வரைஞ்சிருக்கான்.”

“பிடிக்கலன்னா சொல்லு ரெய்னோ. மாத்தச் சொல்லிடறேன். நாளைக்கே சொல்லணும்.”

“பனி வருதுன்னு சொல்றாங்க,” என்று எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மீதிப் பேஸ்டி தட்டில் கிடந்தது. பிறந்ததிலிருந்து அவன் தட்டில் எதையும் மிச்சம் வைத்து அவள் பார்த்ததில்லை.

விடியும் முன் வண்டிச் சத்தம் கேட்டது. சைமா படுத்தபடியே காது கொடுத்தாள். வண்டி அவள் வீட்டைத் தாண்டிப் போகவில்லை. பின்னால் வந்தது, முன்னால் தள்ளியது, மறுபடி பின்னால் வந்தது. ஒரு தடவை தள்ளினாலே இடுப்பளவு. இவன் நிறுத்துகிற வழியாக இல்லை. சரி, மனிதனாகவே வரையச் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்துக்கொண்டாள். அந்த முள்ளம்பன்றியை நினைத்துக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

வெளிச்சம் வந்ததும் மண்வாரியோடு கதவைத் திறந்தாள். வண்டிப்பாதையின் வாய் தார் தெரிகிற அளவுக்குச் சுத்தமாக இருந்தது. பக்கத்தில், தபால்பெட்டியை ஒட்டி, அவளைவிட உயரமாக ஒரு பனிக்குன்று. முதுகெங்கும் பைன் குச்சிகள் செருகப்பட்டிருந்தன. கண்ணுக்கு இரண்டு காபி டப்பா மூடிகள், நடுவில் பெரிய பனிமூக்கு. தலையில் ரெய்னோவின் ஆரஞ்சுத் தொப்பி.

மண்வாரியை ஊன்றிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. உள்ளே போன் அடித்தது, ஓடிப்போய் எடுத்தாள்.

“பாத்தியா?” ரெய்னோவின் குரலுக்குப் பின்னால் பெக்கி கடையின் இரைச்சல்.

“பாத்தேன்.”

“படத்துல மூக்கு ரொம்பச் சின்னது. நான் சரியா வச்சிருக்கேன். வரைஞ்ச ஆளுகிட்ட சொல்லு.”

“நாங்க பேசிக்கக்கூடாதுடா.”

“நீங்களுமா? நம்ம வீடு மாதிரிதான் இருக்கு உங்க தொழிலும். அப்ப அந்த எடிட்டர் அம்மாகிட்ட சொல்லு.”

“நேத்து ஏன் பாதில எழுந்து போனே?”

“கடை மூடறதுக்குள்ள வந்து சொல்லவேணாமா? இத்தன நாளா புத்தகத்துல வரப்போறவன் மனுஷன்னு நெனச்சுட்டிருந்தாங்க இவங்க.”

யாரோ உரக்கச் சிரித்தார்கள். இருவரும் போனை வைக்கவில்லை. சைமா ஒரு கையால் கிழங்குக் கூடையை இழுத்துக்கொண்டாள்.

“சைமா.”

“ம்.”

“அந்தப் பேஸ்டி இருக்கா, கொட்டிட்டியா?”

“இருக்கு.”

“சூடு பண்ணு, வரேன். அப்படியே தொப்பியையும் எடுத்து வை. காது விறைச்சுப்போச்சு.”

“தொப்பி கிடைக்காது,” என்றாள் சைமா. “அது வெளியே நிக்கறவனோடது.”